விக்டோரியா மகாராணிக்கும் திமிங்கில எலும்புக்கும் நடுவில்

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் நுண்கலை படிக்கும் இறுதியாண்டு மாணவி என்று எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டுத் தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்றில் இரண்டாயிரம் வருடப் பழைய சிலைகளுக்கு நடுவே இக்காலச் சிற்பி ஒருவரின் வேலைகளை வைத்திருந்த படங்கள் உங்கள் தொலைபேசிக்கு வந்திருக்கின்றன. அது பழையதற்குச் செய்யும் அவமரியாதை ஆகாதா, பழைய பொருளுக்குச் சேதம் வராதா, நாவலர் வீதியில் இருக்கும் எங்கள் மியூசியத்தில் அப்படி ஒன்று செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்றும் கிடக்கிறதென்று எனக்குப் படுகிறது: அந்த அறைக்குள் எனக்கும் ஓர் இடம் உண்டா என்பது. அதை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பழைய பொருட்களைப் பழுதாகாமல் வைத்திருப்பதும் அவற்றைக் காட்சிக்கு ஒழுங்குபடுத்துவதும் என் தொழில். பயிற்சியும் அதில்தான், பதினெட்டு வருடமாக வயிறு கழுவுவதும் அதில்தான். ஆகவே ஈரம், உப்பு, வெளிச்சம், பூச்சி, பசை, பெயின்ற் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். ஒரு கலைப்படைப்பு நல்லதா இல்லையா என்று நான் சொல்வது கண்காட்சிக்கு வந்த ஓர் ஆளின் அபிப்பிராயம், அவ்வளவுதான். இரண்டையும் நான் கலந்துவிட்டால் நீங்கள் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ச் சொல் ஒன்றில் தொடங்கலாம். தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் என்பார்கள். சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு அந்த ஊர்ச் சனம் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. இலங்கையில் நாங்கள் நெடுங்காலமாக ‘நூதனசாலை’ என்று சொல்லி வந்திருக்கிறோம். நூதனம் என்றால் புதுமை, முன்பு காணாதது. பழைய சாமான் வைக்கும் வீட்டுக்குப் புதுமையின் பெயர்! யாரும் யோசித்து வைத்த பெயராகத் தெரியவில்லை. அதிசயமான பொருட்கள் உள்ள இடம் என்ற கருத்தில் வழங்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பழையதும் புதியதும் ஓர் அறையில் இருப்பது பற்றி ஆர் என்னிடம் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சொல்தான். நிலத்துக்குள் கிடந்த ஓடு வெளியே வந்து கண்ணாடிக்குள் ஏறும் நாளில் அது பார்க்கிறவனுக்குப் புதுசு.

நாவலர் வீதி மியூசியத்துக்குப் போயிருப்பீர்கள். போகவில்லை என்றால் நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், தெருவிலிருந்து சட்டென்று கண்ணில் படாது. வாசலில் கோட்டையிலிருந்து வந்த துருவேறிய ஒல்லாந்தர் பீரங்கிகள், திமிங்கில எலும்புகள். உள்ளே கந்தரோடையில் கிடைத்த, தலையில்லாத புத்தர் உடற்பகுதிகள். விக்டோரியா மகாராணியின் பெரிய உருவப்படம் ஒன்று. பல்லக்கு. வேறு கனக்கச் சாமான்கள். இவற்றை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வெளியே வருகிற ஒருவரிடம் ‘இங்கே இக்காலக் கலைப்படைப்பு வைத்தால் ஒத்துவராது’ என்று சொன்னால் அவர் சிரிப்பார். மகாராணியும் திமிங்கிலமும் புத்தரும் ஒரே கூரையின் கீழ் நிற்பதை வேறோர் ஊரில் ஒரு கலைஞர் செய்திருந்தால் அதற்கு நீளமாக ஒரு விளக்கம் எழுதி ஒட்டியிருப்பார்கள். இங்கே அது காலம் தானாகச் செய்து வைத்த அடுக்கு. ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு வந்தது. பீரங்கி கொத்தளத்தை விட்டு வந்தது, பல்லக்கு தோளை விட்டு வந்தது, மகாராணி ஏதோ ஒரு சுவரை விட்டு வந்தார்.

அவமரியாதை என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் கோயில்களைப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாலஸ்தானம் பண்ணிக் கும்பாபிஷேகம் வைக்கும்போது பழைய கோபுரத்துக்கு மேலேயே புதுப் பெயின்ற் அடிக்கிறோம். பழைய சுதைக்குக் கை உடைந்திருந்தால் புதுக் கை வைக்கிறோம். பின்னப்பட்ட விக்கிரகம் பூசைக்கு ஆகாது என்று அகற்றிவிட்டுப் புதுசு செய்விக்கிறோம். பழைய விக்கிரகம் கடலுக்குப் போகும், கிணற்றுக்குப் போகும், சில வேளை மியூசியத்துக்கு வரும். ஆக, பழையதன் மேல் புதியதை ஏற்றுவது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியமே அல்ல. தொல்பொருள்காரருக்கு வயிற்றெரிச்சல் தருவது கோயில் செய்கிற வேலைதான். பழையதை மூடிவிடுகிறது, பிறகு எடுக்க முடியாது. மியூசியத்துக்குள் ஒரு புதிய சிற்பத்தைப் பக்கத்தில் வைத்தால் மூன்று மாதத்தில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கோபுரத்தில் எனாமல் அடிக்கும்போது வாயைத் திறக்காத சிலர் ஒரு மாணவியின் வேலை மூன்று மாதம் பக்கத்தில் நிற்பதற்குக் கொதிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மரியாதை என்பது ஊருக்கு ஊர், பொருளுக்குப் பொருள் மாறும். கந்தரோடைப் புத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில்லாத உடல் என்று உங்களுக்கு அது ஒரு சிற்ப வடிவம். வணங்குகிற ஒருவருக்கு அது புத்தர்தான். அதன் தலை இருந்திருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே ஒரு படைப்பைத் தொங்கவிடுவதும், பார்க்க வருகிறவர்கள் அதற்கு முதுகு காட்டி நிற்க வேண்டிய மாதிரி உங்கள் வேலையை எதிர்ப்பக்கம் வைப்பதும் இந்த நாட்டில் புண்படுத்தும். இது அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தீர்க்கக்கூடிய விஷயம். தீர்க்க முடியாதது இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ‘தொல்பொருள்’ என்ற சொல்லே பலருக்குக் காணிப் பிரச்சினையாகத்தான் காதில் விழும். முல்லைத்தீவில் தொல்லிடம் ஒன்று கோயிலா விகாரையா என்று தகராறான குருந்தூர்மலைச் செய்தியைப் படித்துவிட்டு வருகிற ஒருவர் கந்தரோடைப் புத்தரை வெறும் கல்லாகப் பார்க்கமாட்டார், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும். தமிழர்களிடையேயும் பௌத்தம் இருந்தது என்பதற்கு மணிமேகலையே போதும். ஆனால் அந்த அறையில் நின்று அதைச் சொல்வதற்கும் வகுப்பறையில் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. அதைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள் என்பேன். இது என் அபிப்பிராயம்தான். உங்கள் ஆசிரியர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

இந்த மாதிரிக் காட்சிகள் உலகத்தில் எத்தனையோ நடந்துவிட்டன. கனக்கச் சொல்லி உங்களைக் களைக்கப்பண்ணாமல் எனக்குப் பாடமாக இருந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 1992இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில், மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் பிரெட் வில்சன் என்ற கலைஞர் ஒரு காட்சி செய்தார். பெரும்பாலும் அந்த அருங்காட்சியகத்தின் சொந்தப் பொருட்களையே இடம் மாற்றி வைத்தார். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நுணுக்க வேலைப்பாடுள்ள வெள்ளிப் பாத்திரங்கள். அவற்றின் நடுவே அடிமைகளின் கால்விலங்கு. தலைப்பு ‘உலோக வேலை, 1793–1880’. அவ்வளவுதான். வெள்ளியும் இரும்பும் ஒரே காலத்தவை, ஒரே சமூகத்தவை, ஒரே சேகரிப்பில் இருந்தவை. அவற்றை ஒரே பெட்டியில் வைக்க அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. என் தொழிலில் இருக்கிற ஆளுக்கு இது கன்னத்தில் விழுந்த அறை, ஏனென்றால் எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானிப்பது நாங்கள்தான். நாங்கள் அதை ‘வகைப்படுத்தல்’ என்று சொல்லித் தப்பிவிடுவோம்.

இரண்டாவது, முகம் காட்டாமல் தெருச்சுவர்களில் வரைகிற பாங்ஸி என்ற கலைஞர் 2005இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் செய்த குறும்பு. குகை ஓவியம் மாதிரி ஒரு கல்துண்டு, அதில் கடைத்தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ஆதிமனிதன். அருங்காட்சியகத்தின் சொந்த விபரப்பலகை மாதிரியே ஒன்றை எழுதி, கல்லோடு சேர்த்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். சில நாட்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. விபரப்பலகை என்று ஒன்று இருந்தால் சனம் நம்பும். வேலை செய்கிறவர்களும் நம்புவார்கள். அதுதான் அங்கே தெரிந்தது.

எனக்குச் சொல்ல இருக்கிற ஒரே விஷயம் இங்கேதான் இருக்கிறது. பழைய பொருளுக்குப் பக்கத்தில் அதைப் பற்றிய ஒழுங்கான நான்கு வரி இல்லாத இடத்தில் ஒரு புதிய படைப்பை வைத்தால், அந்தப் படைப்பே பொருளுக்கு விளக்கமாகிவிடும். பெரிய நகரத்து அருங்காட்சியகங்களில் ஒவ்வொரு பானைக்கும் எங்கே கிடைத்தது, எந்த ஆழத்தில், எந்தக் காலம், ஆர் தோண்டியது என்று எழுதியிருக்கும். பட்டியல் இருக்கும், நூல் இருக்கும். அங்கே ஒரு கலைஞர் வந்து குறுக்கே பேசினால் அது பேச்சுக்கு மறுபேச்சு. எங்கள் பக்கத்துச் சின்ன அருங்காட்சியகங்களில் பல பொருட்களுக்குப் பெயரும் ஊரும் மட்டும்தான். பேச்சே இல்லாத இடத்தில் மறுபேச்சு வந்தால் அதுதான் பேச்சாகிவிடும். ஆகவே நீங்கள் படைப்பைச் செய்வதற்கு முதல் அந்தப் பொருளுக்கான நான்கு வரியை எழுத உதவுங்கள். கலைஞரின் வேலை அதுவா என்று கேட்கலாம். இங்கே அதுதான் வேலையின் முதற்பாதி.

ஓர் உதாரணம். 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் அகழ்ந்தபோது ஈமக்குழி ஒன்றில் கிடைத்த உலோக முத்திரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விரல் நுனியில் வைக்கலாம், அவ்வளவு சின்னது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. ‘கோவேத’ என்றும் ‘கோவேந்த’ என்றும் வாசிப்புகள் உண்டு. இரண்டுக்கும் இடையில் ஓர் எழுத்துத்தான், ஆனால் அந்த எழுத்துக்குள் எப்படி வாசிப்பது என்ற வழக்கே அடங்கியிருக்கிறது. நீங்கள் ஆறடி உயரத்தில் பித்தளையில் ‘கோவேந்தன்’ என்று வடித்து வைத்தால் நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு முன்னால் படம் எடுப்பார்கள், வழக்கு முடிந்துவிடும். தீர்ப்புச் சொன்னது ஆராய்ச்சியாளர் இல்லை, நீங்கள். அதே முத்திரையை வைத்து, வாசிக்க முடியாமல் கண்ணைக் கசக்குகிற அனுபவத்தையே ஒரு படைப்பாகச் செய்தால் சந்தேகம் சந்தேகமாகவே இருக்கும். எது நல்ல கலை என்று நான் சொல்லவில்லை. எது பொருளுக்கு உண்மையாக இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சேதம் பற்றிய கேள்விக்கு வந்தால் என்னால் தயங்காமல் பேச முடியும். சேதம் வரும், கவனிக்காவிட்டால். எல்லாரும் பயப்படுவது இடித்துவிடுமோ, விழுந்துவிடுமோ என்பதற்கு. அது இரண்டாம் பட்சம். முதல் பகை காற்றில் வரும். ஒருமுறை சிறிய கண்காட்சி ஒன்றில், சேகரிப்பாளர் ஒருவர் தந்த ஐந்து சேது நாணயங்களை ஒரு புதிய படைப்போடு சேர்த்து ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துச் செம்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே ‘சேது’ என்ற எழுத்து. திறப்புவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு பெட்டியின் மூலைகளைச் சிலிக்கோன் பூசி ஒட்டினார்கள். எனக்கு வினாகிரி மணம் வந்தது. வந்தும் நான் பேசாமல் இருந்தேன், நேரமில்லை என்று. மாரி வந்தது. கார்த்திகை முடிவில் பெட்டியைத் திறந்தபோது இரண்டு காசுகளில், நந்தியின் திமில் இருந்த இடத்தில் வெளிர்பச்சையாக மா மாதிரி ஒன்று பூத்திருந்தது. ஊசிமுனையால் தொட்டால் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் குழி.

அந்த மணம் அசெற்றிக் அமிலம். மலிவான சிலிக்கோன் காயும்போது அதை விடும். செம்புக்குள் மண்ணிலிருந்து ஏறிய குளோரைட் உப்பு ஏற்கெனவே இருக்கும்; ஈரப்பதம் 45 வீதத்தைத் தாண்டினால் அது கிளம்பத் தொடங்கும். யாழ்ப்பாணத்து மாரியில் எங்கே 45? அந்த இரண்டு காசுகளையும் கொன்றது சிலிக்கோனா, மாரியா, இரண்டும் சேர்ந்தா என்று இன்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். மணம் வந்தபோது பெட்டியைத் திறந்து வைக்காதது என் பிழை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. புதுப் பிளைவூட், எம்டிஎஃப் பலகை, காயாத எண்ணெய்ப் பெயின்ற், சில வகைத் துணிச்சாயங்கள் எல்லாம் இதே மாதிரி ஆவி விடும். ஈயம், செம்பு, வெள்ளி, சிப்பி, சங்கு எல்லாவற்றுக்கும் அது ஆகாது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அன்ட்ரூ ஒடி என்பவர் 1973இல் இதற்கு ஒரு சோதனை கண்டுபிடித்தார். ஐயமுள்ள பொருளில் ஒரு துண்டையும், வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளையும், கொஞ்சம் தண்ணீரையும் ஒரு குழாயில் அடைத்து 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைப்பது. தகடு நிறம் மாறினாலோ அரித்தாலோ அந்தப் பொருள் பெட்டிக்குள் போகக்கூடாது. பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில் கேட்டால் செய்யலாம், பெரிய செலவில்லை. 28 நாள் பொறுமைதான் வேண்டும். கலைஞர்களிடம் அதுதான் இருப்பதில்லை, குறை நினைக்காதீர்கள்.

அடுத்தது பூச்சி. எங்கள் கலைஞர்களுக்குப் பனையோலை, பனைமட்டை, வைக்கோல், பழைய மரம் என்றால் உயிர். எனக்கும்தான். ஆனால் ஓலைக்குள் பூச்சி முட்டை வரும், மரத்துக்குள் உளுவான் வரும், மூலையில் ஒரு கறையான் கோடு வந்துவிட்டால் பல்லக்கு மிஞ்சாது. பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, பூச்சியத்துக்குக் கீழே 18 அல்லது 20 பாகைக் குளிரில் இரண்டு கிழமை வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். ஒருமுறை ஓலையால் பின்னிய ஒரு பெரிய படைப்புக்கு ஐஸ்கிரீம் கடை ஒன்றின் பழைய டீப் பிரீசரை இரவல் வாங்கினோம். கடைக்காரர் வந்து வந்து மூடியைத் திறந்து பார்த்தார், உள்ளே என்ன சடலமா என்று. திறக்காதே ஐயா, குளிர் போய்விடும் என்று கெஞ்சியது இன்னும் நினைவிருக்கிறது.

வெளிச்சம் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கல்லுக்கும் சுட்டமண்ணுக்கும் விளக்கு ஒன்றும் செய்யாது. துணி, ஏடு, காகிதம் என்றால் 50 லக்ஸ்க்கு (லக்ஸ் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாதீர்கள். மகாராணி மாதிரி எண்ணெய் ஓவியம் என்றால் 200. குத்துவிளக்கு, சாம்பிராணி, கற்பூரம் வைத்து ஏதாவது செய்யும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், கரி படிந்தால் எடுப்பது என் மாதிரி ஆட்கள். மணலும் அப்படித்தான். 1994இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் எகிப்தியச் சிலைகளுக்கு நடுவே அன்டி கோல்ட்ஸ்வேர்தி 30 தொன் மணலில் ஒரு பாம்புபோன்ற வடிவம் செய்தார். படத்தில் பார்க்க வடிவாக இருக்கும். மூடிய மண்டபமும் துப்பரவு செய்ய ஆட்களும் இருந்த இடம் அது. சோளகக் காற்றுக்கு யன்னல் திறந்திருக்கும் எங்கள் கட்டிடங்களில் மணல் தானாகவே வரும்.

இன்னொன்று யாரும் யோசிக்காதது: பார்வையாளரின் கை. சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பழைய ஹான் காலத்துச் சாடி ஒன்றைக் கைவிட்டு உடைக்கும் படங்கள் 2014இல் மியாமியில் தொங்கின. அவற்றுக்கு முன்னால் பெயின்ற் பூசிய பழைய சாடிகள் வரிசையாக இருந்தன. வந்த ஒருவர் ஒன்றைத் தூக்கினார், நிலத்தில் போட்டார். அவருக்கு வேறு கோபங்களும் இருந்தன என்றாலும், ஓர் அறைக்குள் எதைச் செய்யலாம் என்பதைப் படைப்புத்தான் சொல்லிக்கொடுக்கிறது. தொட்டுப் பார்க்கலாம் என்று உங்கள் படைப்பு அழைத்தால், அடுத்த அடியில் இருக்கும் பழைய பானையையும் தொடுவார்கள். ஆகவே தொடுகிற படைப்பு வேறு அறைக்கு.

சரி, இவ்வளவு கரைச்சல் இருக்கிறதே, ஏன் செய்ய வேண்டும்? எனக்கு அதற்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்திருக்கிறது: இல்லாத பொருளைக் காட்ட அருங்காட்சியகத்துக்குத் தெரியாது. இருப்பதை மட்டும்தான் பெட்டிக்குள் வைக்க முடியும். 2003 ஏப்ரலில் பக்தாத்தில் ஈராக் அருங்காட்சியகம் கொள்ளை போனது. மைக்கல் ரகோவிற்ஸ் என்ற கலைஞர் 2007 முதல் அங்கே தொலைந்த பொருட்களைச் சாப்பாட்டுப் பொதி அட்டையாலும் அரபு மொழிப் பத்திரிகைத் தாளாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறார். ஈராக்கில் உள்ள பழைய அசீரிய நகரமான நினிவேயின் வாசலில் இருந்து 2015இல் உடைக்கப்பட்ட, சிறகுள்ள காளையை ஆயிரக்கணக்கான பேரீச்சம்பாணித் தகரங்களால் செய்து 2018இல் இலண்டன் ட்ரபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார். கிட்டே போனால் பாணியின் விளம்பரம் தெரியும், தள்ளி நின்றால் அசீரியா தெரியும். பழையதுபோலப் போலி செய்யவில்லை. தொலைந்தது தொலைந்ததுதான் என்று ஒவ்வொரு தகரமும் சொல்லிக்கொண்டே நிற்கும்.

1981இல் நூலகம் எரிந்த ஊர் எங்களுடையது. 1995இல் போர் நெருங்கியபோது ஓர் ஊரே வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. இங்கே இந்த வழியில் சிந்திக்க ஆள் இல்லாமல் இல்லை. திரும்பக் கட்டிய அதே பொது நூலகத்தில் 2004இல் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சியில் தா. சனாதனன் யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்து சேர்த்த சாதாரணப் பொருட்களை அருங்காட்சியகம் போல அடுக்கினார். பிறகு, இழந்த வீடுகளின் தரைப்படங்களை ஆட்களின் ஞாபகத்திலிருந்து வரைந்து ‘தோம்பு’ என்ற ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயரிலேயே 2011இல் ஒரு நூலாகவும் செய்தார். பக்கத்து நாட்டிலும் ஓர் உதாரணம்: 2012 கொச்சிக் கலைவிழாவில் விவான் சுந்தரம், பழைய முசிறித் துறைமுகம் என்று பலர் கருதும் ‘பட்டணம்’ என்ற கேரள ஊரின் அகழ்வில் எண்ணி வகைபிரித்த பிறகு கழித்துவிட்ட ஓட்டுத்துண்டுகளைக் கொண்டு தரையில் ஒரு துறைமுக நகரத்தையே பரப்பினார். முசிறி அப்படித்தான் இருந்ததா என்று கேட்டால் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கழித்த ஓடுகளை எறியும்போது கை ஒருமுறை நின்றுதான் போகிறது.

உங்களுக்கு நான் ஒரு யோசனை சொல்லலாமா? சுட்டமண் அகல்விளக்கு தொல்லிடங்களில் கிடைக்கிற சாதாரணப் பொருள்; கையகலம்கூட இராது, திரி வைக்கும் மூக்கில் கரி ஏறியிருக்கும். 1990க்குப் பிறகு, கரண்ட்டும் இல்லை, பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் இல்லை என்ற வருடங்களில் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் கொளுவி உள்ளே இறக்கிய நூல்திரி. போத்தலின் கண்ணாடியே சிமினி. காற்றுக்கு அணையாது, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இரவு ஓடும். காலையில் மூக்குத் துவாரம் கறுத்திருக்கும். அந்த விளக்கு வீடுகளில் இப்போது அநேகமாக இல்லை, எறிந்துவிட்டார்கள். தொல்பொருள் என்ற கணக்கில் அது வரவும் வராது. அகலுக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலை, எரியாமல், வெறுமனே வைத்துப் பாருங்கள். ஒருவன் அகலின் மூக்கில் இருக்கிற கரியை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பான். என் அளவுகோல் இதுதான்: புதியதை எடுத்துக்கொண்டு போன பிறகும் பழையதை ஆட்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் உங்களுக்குச் சுவர் ஒன்று போதும், மியூசியம் வேண்டாம்.

நடைமுறைக்கு வந்தால், நாவலர் வீதி மியூசியம் தொல்பொருள் திணைக்களத்துக்குரியது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பொருந்தும். பொருளை நகர்த்துவது, மேடையை மாற்றுவது, ஆணி அடிப்பது ஒன்றும் பொறுப்பாளர் தன் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. எழுத்தில் விண்ணப்பித்துக் கொழும்பு வரை போகவேண்டி வரும். அவரை வாய்மொழியாக இழுத்துவிடாதீர்கள், பாவம், அவருக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். உங்கள் துறைத்தலைவரின் கடிதத்தோடு போங்கள். ஒரு படைப்பு, ஒரு பொருள், ஒரு மாதம் என்று சின்னதாகக் கேளுங்கள். என்னென்ன பொருளால் செய்கிறீர்கள் என்று பசை, ஆணி வரைக்கும் எழுதிக் கொடுங்கள். பழைய பொருளை அசைக்காமல் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டால் ‘ஓம்’ வருவதற்கு வாய்ப்பு அதிகம். எவ்வளவு காலம் எடுக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். படிப்பு முடிவதற்குள் வேண்டுமென்றால் இந்தக் கிழமையே எழுதுங்கள்.

அதற்கு முதல், ஒரு பின்னேரம் வெறுங்கையோடு போங்கள். ஒரு சின்ன டோர்ச் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பாவிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பாவியுங்கள். புத்தர் உடற்பகுதி ஒன்றின் முன்னால் நின்று, நேரே அடிக்காமல், தோளோடு ஒட்டிப் பக்கவாட்டில் வெளிச்சத்தைச் சரித்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிகிற கல்லில் சீவரத்தின், அதாவது புத்தரின் மேலாடையின், மடிப்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். மடிப்புகளுக்கு இடையில் எங்காவது உளித் தடம் மிஞ்சியிருந்தால் அதுவும் தெரியும். எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பாருங்கள், செதுக்கியவர் எந்தப் பக்கம் நின்றார் என்று ஊகிக்கலாம். அவர் நின்ற பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு யோசியுங்கள்.